தலைக்கு மேலே 50 என்று எரிந்தால்: இங்கிலாந்து மோட்டர்வேயில் மாறும் வேக வரம்பும் கேமராவும்

ஹீத்ரோவில் இறங்கிய அக்கா மகனை ஏற்றிக்கொண்டு எம்25 மோட்டர்வேயில் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. தலைக்கு மேலே சிவப்பு வட்டத்துக்குள் 50 என்று எரிந்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அடுத்த பலகையில் 40. அவன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தான். “ரோடு காலியாத்தானே இருக்கு மாமா, எதுக்கு 40?”

திருச்சி–சென்னை நாற்கரச் சாலையில் நாலு வருடம் கார் ஓட்டிய பையன். கேட்டது நியாயமான கேள்வி. இரண்டு மைல் போனதும் அவனுக்குப் பதில் கண்முன்னே நின்றது: எல்லா லேன்களிலும் பிரேக் விளக்குகள், நத்தையாக ஊர்ந்த வரிசை. 40இல் வந்ததால் அந்த வரிசையின் வாலில் பதற்றமில்லாமல் போய்ச் சேர்ந்துகொண்டோம்.

புதிதாக இங்கு வந்து கார் எடுக்கும் நம்மவர்கள் பலர் அந்த எண்ணை அபராதம் பிடுங்க வைத்த பொறி என்றே நினைக்கிறார்கள். முன்னால் போன வண்டிகள் நமக்கு அனுப்பும் சேதி அது. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் கேமராவைப் பற்றிய பயம் பாதி போய்விடும். மீதிப் பாதிக்குத்தான் கீழே உள்ள விவரங்கள். நான் சொல்வது இங்கிலாந்து நடைமுறை. ஸ்காட்லாந்தில் வழக்கு நடத்தும் முறை வேறு.

முதலில் லைசென்ஸ்

இந்திய, இலங்கை லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் பிரிட்டனில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் அதை வைத்துக் கார் ஓட்டலாம். மோட்டர்வேயிலும் ஓட்டலாம். அதற்குப் பிறகு அது செல்லாது. இந்த இரண்டு நாட்டு லைசென்ஸையும் அப்படியே மாற்றித் தரமாட்டார்கள். தியரி, பிராக்டிகல் இரண்டும் எழுதி ஓட்டி பாஸாக வேண்டும். ஊரில் பத்து வருடம் ஓட்டியவர்கள் இந்த 12 மாதத்தை அலட்சியமாகக் கடத்திவிட்டுக் கடைசி வாரத்தில் தியரி தேதிக்கு அலைவதைப் பார்த்திருக்கிறேன். வந்த மாதமே புரொவிஷனலுக்கு, அதாவது பழகுநர் லைசென்ஸுக்கு, விண்ணப்பியுங்கள்.

12 மாதம் முடிந்து புரொவிஷனல் மட்டும் கையில் இருந்தால், மோட்டர்வேயில் தனியாகவோ நண்பரோடோ போக முடியாது. 2018 ஜூன் முதல் பழகுநர்களும் மோட்டர்வேயில் ஓட்டலாம் என்று விதி மாறியது. ஆனால் அங்கீகாரம் பெற்ற பயிற்றுநர் பக்கத்தில் இருக்க வேண்டும், வண்டியில் இரட்டைக் கட்டுப்பாடு இருக்க வேண்டும். ஒரு பாடம் மோட்டர்வேக்கென்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணம் வீண்போகாது.

மைல் கணக்கையும் இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 70 மைல் என்றால் 112 கிலோமீட்டர். 60 என்றால் 97, 50 என்றால் 80, 40 என்றால் 64. கிலோமீட்டரில் பழகிய மூளை, 50 என்ற எண்ணைப் பார்த்ததும் “இவ்வளவு மெதுவாகவா” என்று எரிச்சல்படும். நம்மூர்க் கணக்கில் அது 80.

அந்த எண் எங்கிருந்து வருகிறது

பிரிட்டனின் முதல் மோட்டர்வே 1958 டிசம்பரில் பிரஸ்டன் நகரை ஒட்டித் திறக்கப்பட்டது. அன்றைக்கு வேக வரம்பே கிடையாது. 1965 டிசம்பரில் 70 மைல் வரம்பைச் சோதனையாகக் கொண்டுவந்து, 1967இல் நிரந்தரமாக்கினார்கள். நெரிசலுக்கு ஏற்ப வரம்பை ஏற்றி இறக்கும் முறை 1995இல் வந்தது. தொடங்கிய இடம் எம்25இல் ஜங்ஷன் 10 முதல் 15 வரையுள்ள பகுதி, அதாவது ஹீத்ரோ ஓரம். விமானத்திலிருந்து இறங்கி வருகிற நம்மில் பலர் முதல்முதலில் ஏறும் மோட்டர்வேயே அதுதான்.

சாலைத் தளத்துக்குள் கம்பிச் சுருள்கள் புதைந்திருக்கின்றன. சில இடங்களில் அதற்குப் பதில் ரேடார். எத்தனை வண்டி, என்ன வேகம், எவ்வளவு இடைவெளி என்பதை அவை நொடிக்கு நொடி எண்ணுகின்றன. போக்குவரத்து தடிக்கத் தொடங்கினாலோ ஓரிடத்தில் வேகம் சட்டென்று விழுந்தாலோ, பின்னால் வருகிறவர்களுக்கான பலகைகளில் 60, 50, 40 என்று கணினியே ஏற்றிவிடும். விபத்து, சாலையில் விழுந்த பொருள், பழுதாகி நிற்கும் வண்டி என்றால் மோட்டர்வேகளை நிர்வகிக்கும் நேஷனல் ஹைவேஸ் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் கையால் ஏற்றுவார்கள்.

காலியாகத் தெரியும் சாலையில் வேகத்தைக் குறைப்பதால் என்ன பயன்? 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓடவிட்டார்கள். விபத்து இல்லை, சிக்னல் இல்லை, தடை எதுவும் இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் ஒருவர் லேசாகப் பிரேக் தொட, பின்னவர் இன்னும் அழுத்தமாகத் தொட, அதற்குப் பின்னவர் நின்றேவிட, அந்த நெரிசல் அலையாகப் பின்னோக்கி நகரத் தொடங்கியது. மோட்டர்வேயிலும் இதேதான் நடக்கிறது. 70இல் பாய்ந்து வந்து நின்று, மறுபடி பாய்ந்து மறுபடி நிற்பதைவிட, எல்லோரும் 50இல் சீராக வந்தால் அலை தணியும்.

நேரக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 10 மைல் தூரத்தை 60இல் கடக்கப் பத்து நிமிடம். 50இல் பன்னிரண்டு. அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் பலர் பாயிண்ட், அதாவது லைசென்ஸில் ஏறும் தண்டனைப் புள்ளி, வாங்குகிறார்கள்.

பலகையைப் படிக்கும் முறை

மாறும் வரம்புள்ள பகுதி தொடங்கும் இடத்தில் அதைச் சொல்லும் அறிவிப்பும் கேமராப் படமும் இருக்கும். அங்கிருந்து உங்கள் கண் இரண்டு இடங்களைப் பார்த்துப் பழக வேண்டும். ஒன்று, சாலைக்குக் குறுக்கே மேலே நிற்கும் கேன்ட்ரி. இன்னொன்று, இடது ஓரத்தில் கம்பத்தின்மேல் நிற்கும் பெரிய மின்பலகை. எல்லா இடத்திலும் ஒவ்வொரு லேனுக்கும் மேலே தனித்தனி எண் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல பகுதிகளில் ஓரப் பலகை ஒன்றேதான். நடு லேனில் போகும்போது இடதுபக்கம் ஒரு பெரிய லாரி மறைத்தால் அந்தப் பலகையைத் தவறவிட்டுவிடலாம். லாரிக்குப் பக்கத்திலேயே நீண்ட நேரம் ஓட்டாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருந்தால் அது சட்டம். ஒரு மைல் தாண்டினாலும் குற்றம். சிவப்பு வட்டமில்லாமல் வெறும் எண் மட்டும் எரிந்தால் அது ஆலோசனை வேகம். பழைய மோட்டர்வேகளில் நடுத்தடுப்பில் நிற்கும் சின்னப் பலகைகளில், மஞ்சள் விளக்குகள் மின்ன, இதைப் பார்க்கலாம். அதை மீறினால் அந்த எண்ணுக்காக டிக்கெட் வராது. ஆனாலும் முன்னால் ஏதோ இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்து வேகத்தைக் குறையுங்கள்.

வெள்ளை வட்டத்தில் சாய்ந்த கோடு வந்தால் தேசிய வரம்பு திரும்பிவிட்டது, அதாவது காருக்கு 70. பலகை ஒன்றும் எரியாமல் இருண்டு கிடந்தாலும் 70தான். பின்னால் டிரெய்லர் இழுத்தால் 60. பலகை அணைந்திருக்கிறது, ஆகவே கேமராவும் தூங்குகிறது என்று சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தவறு. பலகை அணைந்திருக்கும்போதும் இந்தக் கேமராக்கள் 70ஐக் கண்காணிக்கின்றன.

50 என்ற பலகையைக் கடந்துவிட்டால், அடுத்த பலகையைக் கடக்கும்வரை உங்களுக்கு 50. தூரத்தில் 70க்கான குறி தெரிகிறதே என்று இங்கேயே அழுத்தக் கூடாது. நிறையப் பேர் மாட்டுவது இந்த நூறு இருநூறு மீட்டரில்தான்.

கூகுள் மேப்ஸை இதில் நம்பாதீர்கள். கேன்ட்ரியில் 50 எரியும்போது அது சாவகாசமாக 70 என்று காட்டிக்கொண்டிருக்கும். புதிய கார்களில் பலகையைப் படிக்கும் கேமரா இருக்கிறது. அதுவும் மழையிலும் எதிர்வெயிலிலும் தவறிவிடும். க்ரூஸ் கன்ட்ரோலை 70இல் வைத்துவிட்டுப் பேச்சில் மூழ்கிப்போவதுதான் எனக்குத் தெரிந்து மிக ஆபத்தான பழக்கம். பக்கத்தில் உட்காருபவரிடம் ஒரு வேலை கொடுங்கள்: ஒவ்வொரு பலகையிலும் உள்ள எண்ணை வாய்விட்டுச் சொல்லட்டும். முதல் இரண்டு மூன்று பயணங்களுக்கு இது பேருதவி.

“நான் கடக்கும்போதுதான் மாறியது!”

இந்தக் கவலை எல்லோருக்கும் வரும். 70இல் போகிறேன், பலகைக்கு நேர்கீழே வரும்போது அது 50 ஆகிவிட்டால் என் கதி என்ன?

இதற்குச் சட்டத்திலேயே வழி எழுதியிருக்கிறார்கள். இந்த மோட்டர்வேகளின் மாறும் வேக வரம்பு விதிமுறைகள்படி, நீங்கள் பலகையைக் கடந்த நொடியில் இருந்த எண், அதற்குப் 10 நொடி முன்பு இருந்த எண், இந்த இரண்டில் எது அதிகமோ அதுதான் உங்களுக்கான வரம்பு. 70 மைல் வேகத்தில் 10 நொடியில் சுமார் 310 மீட்டர் ஓடுவீர்கள். ஆகவே கடைசி நேரத்தில் எண் மாறினால் சட்டம் உங்கள் பக்கம். எண் மாறியதும் பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டிய தேவையே இல்லை. மிதித்தால் பின்னால் வருபவர் உங்கள்மேல் ஏறுவார்.

செய்ய வேண்டியது இது. புதிய எண் கண்ணில் பட்டதும் பின்கண்ணாடியைப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். 70இலிருந்து 60க்கு வண்டி பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். தேவைப்பட்டால் மட்டும் மெல்லப் பிரேக். பலகைக்கு வந்து சேரும்போது அந்த வேகத்தில் இருந்தால் போதும். முன்வண்டிக்கும் உங்களுக்கும் இரண்டு நொடி இடைவெளி எப்போதும் இருக்கட்டும், மழை என்றால் நாலு நொடி. ஹைவே கோட் என்ற சாலை விதி நூலில் உள்ள கணக்குப்படி, 70இல் போகும் கார் நிற்க 96 மீட்டர் வேண்டும். 50இல் 53 மீட்டர் போதும். இந்த 43 மீட்டர் வித்தியாசம்தான் வரிசையின் வாலில் நிற்கும் குடும்பத்தைக் காப்பாற்றுவது.

கேமரா எப்படிப் பிடிக்கிறது

மூன்று வகையைத் தெரிந்துகொண்டால் போதும்.

மாறும் வரம்புப் பகுதிகளில் இருப்பவை கேன்ட்ரியின் மேலேயோ பக்கவாட்டிலோ பொருத்தியவை. புதியவை இடதுபக்கத் தூணில் சின்ன மஞ்சள் பெட்டியாக இருக்கும், ரேடாரில் வேகத்தை அளந்து எல்லா லேன்களையும் பார்க்கும். சாலையில் போட்டிருக்கும் வெள்ளைக் கோடுகள் இரண்டாவது சரிபார்ப்புக்கு. பலகையில் எந்த எண் எப்போது எரிந்தது என்பதோடு கேமரா இணைந்திருக்கிறது. எண் குறைந்த உடனேயே பிடிக்கத் தொடங்காமல் சற்று அவகாசம் விட்டே தொடங்கும். ஃபிளாஷ் அடித்தால்தான் மாட்டினோம் என்று எண்ண வேண்டாம். பகலில் அது கண்ணில் படாமலே போகலாம். அதேபோல எதிர்ச்சாலைக் கேமராவின் ஃபிளாஷைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் தூக்கம் கெட்டவர்களும் உண்டு.

சாலைப் பணி நடக்கும் இடங்களில் இருப்பவை சராசரி வேகக் கேமராக்கள். உயரமான மஞ்சள் கம்பத்தில் நின்று உங்கள் நம்பர் பிளேட்டைப் படிக்கும். அடுத்த கம்பமும் படிக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை நீங்கள் எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்து வேகத்தைக் கண்டுபிடிக்கும். கேமராவுக்கு முன் பிரேக் போட்டு, தாண்டியதும் பறக்கும் நம்மூர் ஸ்பீட் பிரேக்கர் பழக்கம் இங்கே எடுபடாது. லேன் மாறினாலும் தப்ப முடியாது. அங்கே ஆரஞ்சு உடையில் சாலையோரம் நிற்பவர்கள் உங்கள் கண்ணாடியிலிருந்து சில அடி தூரத்தில்தான் வேலை செய்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

மூன்றாவது, மேம்பாலங்களில் நிற்கும் போலீஸ் வேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

கேமரா இருக்குமிடத்தைச் சொல்லும் செயலியும் சாட்நாவும் பிரிட்டனில் சட்டப்படி சரிதான். கேமராவைக் குழப்பும் ஜாமர் கருவி குற்றம். போனைக் கையில் பிடித்து அந்தச் செயலியைப் பார்த்தால் 200 பவுண்டும் 6 பாயிண்டும். தாங்கியில் பொருத்தி, புறப்படுமுன்பே வழியைப் போட்டுவிடுங்கள்.

சிவப்புப் பெருக்கல் குறி

ஒரு லேனுக்கு மேலே சிவப்பில் பெருக்கல் குறி எரிந்தால் அந்த லேன் மூடப்பட்டிருக்கிறது. அதற்கு முந்தைய பலகையிலேயே எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று அம்புக்குறி காட்டியிருக்கும். அப்போதே ஒதுங்கிவிடுங்கள். லேன் காலியாக இருக்கிறதே என்று அதில் தொடர்ந்து போகாதீர்கள். அரை மைல் முன்னால் ஒருவர் கார் பழுதாகி, குழந்தையோடு தவித்துக்கொண்டிருக்கலாம். அவரைக் காப்பாற்ற மேலே எரியும் அந்தக் குறியைத் தவிர அப்போது வேறெதுவும் இல்லை.

2019 ஜூன் முதல் இதையும் கேமராவே பிடிக்கிறது. வழக்கமாக 100 பவுண்டு, 3 பாயிண்ட். மோசமான மீறல் என்றால் நீதிமன்றம். வேகத்தில் தவறியவர்களிடம் எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு. இதில் கிடையாது.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம் ஹார்ட் ஷோல்டர், அதாவது இடது ஓரத்தில் அவசரத்துக்கு விட்ட பட்டை. எம்25இன் ஹீத்ரோ பகுதியில் அது நிரந்தரமாக இருக்கிறது. பர்மிங்காம் பக்கம் எம்42இல் 2006இல் நெரிசல் நேரத்தில் மட்டும் அதைத் திறந்துவிடும் முறையைத் தொடங்கினார்கள். 2014இல் எம்25இன் சில பகுதிகளில் அதை முழுவதுமாகவே லேனாக மாற்றினார்கள். ஹார்ட் ஷோல்டர் இல்லாத சாலையில் பழுதாகி நின்ற வண்டிகளில் மோதி உயிர்கள் போயின, மக்களிடம் கோபம் எழுந்தது. 2023 ஏப்ரலில் புதிதாக இப்படிச் சாலைகள் அமைப்பதை அரசு கைவிட்டது. ஏற்கெனவே உள்ளவை அப்படியே இருக்கின்றன. ஆகவே கார் பழுதானால் என்ன செய்வது என்பதைப் புறப்படுமுன்பே வீட்டில் பேசிவையுங்கள்.

வண்டியில் ஏதோ கோளாறு என்று தெரிந்ததும் முடிந்தால் அடுத்த எக்ஸிட், இல்லையென்றால் சர்வீஸ் ஸ்டேஷன். அதுவும் முடியாவிட்டால் ஆரஞ்சு நிறத் தளம் போட்ட அவசர நிறுத்தம். நீலப் பலகையும் எஸ்ஓஎஸ் எழுத்தும் இருக்கும். இடதுபக்கக் கதவு வழியாக எல்லோரும் இறங்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் போய், அங்கிருக்கும் போனில் பேசுங்கள். கட்டுப்பாட்டு அறைக்கே போகும். பழுது சரியானபின் மறுபடி சாலையில் சேரும் முன்பும் அதே போனில் கேளுங்கள், தேவையானால் லேனை மூடி வழிவிடுவார்கள். ஓடும் லேனிலேயே நின்றுவிட்டால் ஹஸார்டு விளக்கைப் போட்டு, பாதுகாப்பாக இறங்க முடிந்தால் இடதுபக்கமாக இறங்கித் தடுப்புக்கு அப்பால் போங்கள். முடியாவிட்டால் சீட் பெல்ட்டோடு உள்ளேயே இருந்து உடனே 999ஐ அழையுங்கள். கார் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு அதன்பிறகு பேசிக்கொள்ளலாம்.

கடிதம் வந்தால்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வேகத்தால் இழந்ததைவிடக் கடிதத்தால் இழந்தவர்கள் எனக்குத் தெரிந்து அதிகம். நானும் அதில் ஒருவன்.

வந்த புதிதில் கிழக்கு லண்டனில் ஒரு பகிர்வு வீட்டில் இருந்தேன். பிறகு ஹாரோவுக்கு வீடு மாறினேன். காரின் லாக்புக்கில், அதாவது பதிவுச் சான்றில், முகவரியை மாற்றவில்லை, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மோட்டர்வேயில் 50 எரிந்த இடத்தில் 59இல் போயிருக்கிறேன். கடிதம் பழைய வீட்டுக்குப் போய், வாசல் மேஜையில் விளம்பரத் தாள்களோடு கிடந்தது. நினைவூட்டலும் அங்கேயே போனது. கடைசியில் என் கைக்கு வந்தது நீதிமன்றக் காகிதம், குற்றச்சாட்டு வேகமல்ல, ஓட்டுநர் யார் என்று தெரிவிக்காதது. வேக விழிப்புணர்வு வகுப்பு ஒன்றில் உட்கார்ந்து முடித்திருக்க வேண்டிய விஷயத்துக்கு 6 பாயிண்ட் வாங்கினேன். மூன்று வருடம் இன்ஷூரன்ஸ் கட்டும்போதெல்லாம் அது வலித்தது. வீடு மாறிய நாளில் லாக்புக், லைசென்ஸ் இரண்டிலும் முகவரியை மாற்றுங்கள். இணையத்தில் சில நிமிட வேலை, இலவசம்.

கடிதம் வரும் முறை இது. குற்றம் நடந்த 14 நாளுக்குள் வண்டியின் பதிவுப் பெயருள்ளவருக்கு முதல் அறிவிப்பு போய்ச் சேர வேண்டும். வாடகைக் கார், கம்பெனிக் கார் என்றால் முதல் கடிதம் அவர்களுக்குத்தான் போகும். அவர்கள் உங்கள் பெயரைச் சொன்னபின் உங்களுக்கு வரும் கடிதம் 14 நாளைத் தாண்டியிருந்தாலும் செல்லும். “15ஆம் நாள் வந்தது, கிழித்துப் போடு” என்று நண்பர்கள் சொல்வதை நம்பி எதையும் கிழிக்காதீர்கள்.

உறையைப் பிரித்ததும் யார் அனுப்பியது என்று பாருங்கள். லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் நதியைக் கடக்கும் டார்ட்ஃபோர்டு கடவைக் கட்டணம் கட்டாததற்கும், கவுன்சில் பார்க்கிங்குக்கும் கடிதங்கள் வரும். அவை தனி, பாயிண்ட் கிடையாது. போலீஸிடமிருந்து வந்து, ஓட்டுநர் யார் என்று கேட்டால் அதுதான் நாம் பேசுவது. 28 நாளுக்குள் பதில் போக வேண்டும். இது கேள்விதான், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் படிவமில்லை. வரம்பு தவறு என்று பிறகு வாதிட நினைத்தாலும், ஓட்டியது யார் என்பதை இப்போது சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் 6 பாயிண்டும் 1,000 பவுண்டு வரை அபராதமும்.

ஓட்டியவரின் பெயரைத்தான் எழுத வேண்டும். “என் லைசென்ஸில் இடமில்லை, உன் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா மச்சான்” என்று கேட்பவர்கள் நம் வட்டத்திலும் இருக்கிறார்கள். பணத்துக்குப் பாயிண்ட் வாங்கிக்கொள்பவர்களும் உண்டு. அது நீதியைத் திசைதிருப்பும் குற்றம். 2003இல் எம்11 மோட்டர்வேயில் கேமராவில் சிக்கிய ஒரு கார், அதன் பாயிண்டை மனைவி தன் பெயரில் ஏற்றுக்கொண்டார். அந்தக் கணவர் பின்னாளில் அமைச்சரான கிறிஸ் ஹ்யூன். பத்து வருடம் கழித்து, 2013இல், அவருக்கும் அவருடைய முன்னாள் மனைவி விக்கி பிரைஸுக்கும் ஆளுக்கு 8 மாதச் சிறை. உண்மையைச் சொல்லியிருந்தால் லைசென்ஸ் தடையோடு போயிருக்கும். விசாவில் இருக்கும் ஒருவருக்குச் சிறைத்தண்டனை என்றால் என்ன அர்த்தம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பதில் போட்டபின்

போலீஸ் துறைத் தலைவர்களின் வழிகாட்டுதல் ஒன்று இருக்கிறது. அதன்படி 70 வரம்பில் 79இலிருந்து நடவடிக்கை, 86 வரை வகுப்பு, 96ஐத் தொட்டால் நீதிமன்றம். 50 வரம்பில் 57, 64, 76. 40 வரம்பில் 46, 53, 66. இது போலீஸின் விருப்புரிமைக்கான எண்களே தவிர உங்களுக்குள்ள உரிமையில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால் கடைசி வரிசையைப் பாருங்கள்: 40 எரியும் சாலையில் பழக்கத்தில் 70இலேயே போனால் நேரே நீதிமன்றம். மற்ற நாளில் குற்றமேயில்லாத வேகம் அது.

வகுப்பு கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் உண்டு, சில மணி நேரம் போகும், வீட்டிலிருந்தே இணையத்தில் உட்காரலாம். பாயிண்ட் ஏறாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் இந்த வாய்ப்பு. கணினியின் கேமராவை ஆன் செய்து, அமைதியான அறையில் உட்காருங்கள். பாதியில் எழுந்து போனால் வகுப்பை முடித்ததாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வகுப்பு இல்லையென்றால் 100 பவுண்டும் 3 பாயிண்டும். நீதிமன்றம் போனால் அபராதம் உங்கள் வார வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படும், மோட்டர்வே வேகத்துக்கு உச்சம் 2,500 பவுண்டு. சில நேரம் வீட்டுக்கே ஒற்றை நீதிபதி நடைமுறைக் காகிதம் வரும், அதாவது நேரில் போகாமல் காகிதங்களை வைத்தே ஒரு நீதிபதி முடிவு செய்யும் முறை. அதற்கு 21 நாளுக்குள் பதில் போட வேண்டும்.

மூன்று வருடத்தில் 12 பாயிண்ட் சேர்ந்தால் பொதுவாக லைசென்ஸ் தடை. புதிதாக பாஸானவர்களுக்கு அதைவிடக் கடுமை: பாஸான இரண்டு வருடத்துக்குள் 6 பாயிண்ட் சேர்ந்தாலே லைசென்ஸ் ரத்து, மறுபடி தியரியிலிருந்து தொடங்க வேண்டும். ஊரில் பத்து வருடம் ஓட்டிய அனுபவம் இங்கே கணக்கில் வராது. இங்கே டெஸ்ட் பாஸான நாளிலிருந்துதான் அந்த இரண்டு வருடம் ஓடும். இந்திய, இலங்கை லைசென்ஸில் ஓட்டும்போது வாங்கும் பாயிண்டும் காணாமல் போகாது, லைசென்ஸ் வழங்கும் அரசு அமைப்பான டி.வி.எல்.ஏ. உங்கள் பெயரில் ஒரு பதிவைத் தொடங்கி அதில் ஏற்றிவைக்கும்.

மோட்டர்வே வேகக் குற்றம் லைசென்ஸ் பதிவில் எஸ்பி50 என்ற குறியீட்டில் நிற்கும். குற்றம் நடந்த நாளிலிருந்து 4 வருடம் அது பதிவில் இருக்கும். இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் பெரும்பாலும் 5 வருடக் கதையைக் கேட்கும், மறைத்தால் விபத்து நாளில் பாலிசி கைவிட்டுவிடும். டி.வி.எல்.ஏ. இணையதளத்தில் லைசென்ஸ் எண், நேஷனல் இன்ஷூரன்ஸ் எண், போஸ்ட்கோடு கொடுத்தால் உங்கள் பாயிண்டைப் பார்க்கலாம். இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும் முன் ஒருமுறை பார்த்துவிட்டு அங்கே உள்ளபடியே நிரப்புங்கள்.

அக்கா மகன் போன மாதம் இங்கே டெஸ்ட் பாஸானான். வரும் புரட்டாசிச் சனிக்கிழமை பர்மிங்காம் பக்கம் டிவிடேல் பாலாஜி கோயிலுக்கு அவன்தான் ஓட்டப்போகிறான். எம்40, எம்42, பிறகு எம்5இல் ஜங்ஷன் 2. பக்கத்தில் உட்கார்ந்து பலகை எண்ணைச் சொல்லும் வேலை என்னுடையது.